புது சைலன்சர் வாங்கியாச்சு, வீட்டிலேயே மாட்டலாமா?

சித்தி மகன் ஒரு சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணினான். "அக்கா, பார்சல் வந்துடுச்சு. நாளைக்குக் காலையில நானே மாட்டப் போறேன். நீ வந்து வீடியோ மட்டும் எடுத்துக் கொடு." பார்சலில் வந்தது சைலன்சர். அவனுடைய கார் 2021-ல் வாங்கிய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். ஊருக்கு அது சின்ன கார், அவனுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார். ஆர்சி சித்தப்பா பேரில். காரை நிறுத்தும் போர்டிகோவுக்குப் பக்கத்து அறையில் ஆயா படுத்திருப்பார். இந்த மூன்று விஷயமும் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போனேன். வீடியோ எடுக்கவில்லை. காலை பத்து மணி வரைக்கும் நடந்ததையும், அதற்குப் பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டும் சட்டத்தைப் படித்தும் புரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். காரோ பைக்கோ, சைலன்சரை மாற்றும் ஆசை உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும். செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கி, அதில் ஏற்கெனவே சைலன்சர் மாறியிருப்பது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

காருக்கு அடியில் என்ன இருக்கிறது?

பின்பக்கம் தொங்குகிற டப்பாவைத்தான் நாம் சைலன்சர் என்கிறோம். ஆனால் அது ஒரு நீண்ட குழாய் வரிசையின் கடைசிப் பகுதி மட்டும். இன்ஜினில் இருந்து புகை முதலில் மேனிஃபோல்டுக்கு வரும். டர்போ வண்டியில் அங்கிருந்து டர்போ, அதன் பிறகு டவுன்பைப். டவுன்பைப்பிலோ அதை ஒட்டியோ கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும். பிறகு நடுக்குழாய், சில வண்டிகளில் நடுவில் ரெசனேட்டர் என்ற சின்ன டப்பா, கடைசியில்தான் பெரிய டப்பா.

கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி செராமிக் இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் அதிக ஆபத்து இல்லாத வாயுக்களாக மாற்றுவது இதன் வேலை. சூடேறினால்தான் வேலை செய்யும், ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் உள்ளது பெட்ரோல், காற்று கலவையைச் சரி பார்க்கும். பின்னால் உள்ளது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று வேவு பார்க்கும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் பின் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும், டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனர் போட்டால் பி0420 என்ற கோடு வரும்.

கடைகளில் "எக்ஸாஸ்ட் கிட்" என்று விற்பதில் பல ரகம். கடைசி டப்பாவை மட்டும் மாற்றுவது ஒன்று. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மாற்றும் கேட்-பேக் இன்னொன்று. டவுன்பைப்போடு கன்வெர்ட்டரையும் தூக்கிவிடும் டீகேட் மூன்றாவது. தம்பி வாங்கியது கேட்-பேக். "கன்வெர்ட்டரைத் தொடவே இல்லக்கா, சத்தம் மட்டும்தான் மாறும்" என்றான். பாதி சரி. புகையைப் பொறுத்தவரை கேட்-பேக் பெரிய மாற்றம் செய்வதில்லை. சத்தத்துக்கு என்று தனியாகச் சட்டம் இருப்பது அவனுக்குத் தெரியாது.

பவர் கூடுமா என்று கேட்டால், அதற்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டர்போ இல்லாத சாதாரண வண்டியில் கேட்-பேக் மட்டும் மாற்றினால் கிடைப்பது மிகக் கொஞ்சம், ஓட்டும்போது உணர முடியாத அளவு. குழாய் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால், குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகம் குறைந்து, சிக்னலில் இருந்து கிளம்பும்போது இழுவை போய்விடவும் வாய்ப்பு உண்டு. டர்போ வண்டியில் பலன் டவுன்பைப்பில்தான் அதிகம், ஆனால் அங்கேதான் கன்வெர்ட்டரும் இருக்கிறது. சத்தம் கூடியதும் வேகமும் கூடிய மாதிரி காது ஏமாற்றும், அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லையை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் 2400 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 80 முறை வெடிப்பு நடக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த 80 ஹெர்ட்ஸ் முனகல் கேபினுக்குள் "ங்ங்ங்" என்று நின்றுவிடும். கம்பெனி சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளைக் குழாய்களும் அந்த முனகலைக் கொல்வதற்காகவே கணக்குப் பண்ணி வைத்தவை. காலி டப்பாவை மாட்டிக்கொண்டு சென்னையில் இருந்து திருச்சி போய்ப் பாருங்கள், விழுப்புரம் தாண்டுவதற்குள் தலை வலிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தம்பியின் வாதம் இது: "ஆர்சி புக்ல இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கலர் இருக்கு. சைலன்சர்னு ஒரு கட்டமே இல்லையே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நிறைய பேர் இதே வாதத்தை நம்பித்தான் மாற்றுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது. இது ஒரு பக்கம். சைலன்சரைப் பொறுத்தவரை ஆர்சியில் கட்டம் இருக்கிறதா என்று தேடவே வேண்டியதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 120-வது விதி சைலன்சருக்கென்றே இருக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும் புகை வெளியேறும் சத்தத்தை முடிந்தவரை குறைக்கும் சாதனம் இருக்க வேண்டும், சத்தம் நிர்ணயித்த அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 115-வது விதி புகைக்கு.

இந்த அளவுகளை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் 190-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கத் தகுதியிழப்பு. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிப்பதில்லை. வேலைக்கு வண்டியில் போகிறவனுக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பிரிவில் ஓட்டுகிறவர் மட்டும் இல்லை, ஓட்ட அனுமதிக்கிறவரும் வருகிறார். அதாவது சித்தப்பா. தனியாக 182ஏ பிரிவும் உண்டு. அனுமதி இல்லாத விதத்தில் வண்டியை மாற்றினால், வெளியில் வாங்கிய பாகங்களைப் பொருத்துவதும் சேர்த்து, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டியது பையன், மாட்டிக்கொள்வது அப்பா. இதைச் சொன்னதும்தான் தம்பி முதல் முறையாகக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

பெட்டியின் மேல் வட்டத்துக்குள் ஈ என்று ஒரு முத்திரை இருந்தது. ஐரோப்பிய அங்கீகாரம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த முத்திரை உண்மையானதாகவே இருந்தாலும், அது குறிப்பிட்ட மாடல் வண்டிக்கு, அந்த நாடுகளின் விதிப்படி கொடுத்தது. அதைக் காட்டி இங்கே தப்பிக்க முடியாது. அதிலும் முனையில் இருக்கும் டிபி கில்லர் என்ற சின்னக் குழாயைக் கழற்றிவிட்டால், அங்கேயே அந்த அங்கீகாரம் செல்லாது. வாங்குகிற பத்துப் பேரில் எத்தனை பேர் அதைக் கழற்றாமல் ஓட்டுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஸ்போர்ட்டியான சத்தமே கூடாதா? கூடும். தொழிற்சாலையிலேயே சோதித்து அங்கீகாரம் வாங்கிய எக்ஸாஸ்டோடு வரும் கார்கள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐ20 என் லைன் இரட்டைக் குழாயோடுதான் வருகிறது. ரேஸ் டிராக்கும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் டிராக் உண்டு, அங்கே அந்தந்த அமைப்பின் விதிகள். ஆனால் டிராக்குக்கு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். டிராக் எக்ஸாஸ்டோடு பெங்களூரு ஹைவேயில் ஓட்டிக்கொண்டு போனால், அது பொது இடம்தான்.

74 டெசிபல் என்றால் எவ்வளவு?

ஒன்பது இருக்கைக்கு மிகாத பயணிகள் காருக்கு, 2005 ஏப்ரலில் இருந்து நடைமுறைக்கு வந்த சத்த வரம்பு 74 டெசிபல். இருசக்கர வண்டிக்கு 80 சிசி வரை 75, அதற்கு மேல் 175 சிசி வரை 77, அதற்கும் மேல் 80. இது தயாரிப்பு நிலையில் செய்யும் சோதனைக்கான அளவு. வண்டி ஆக்சிலரேட்டர் மிதித்துக் கடந்து போகும்போது, பாதையின் நடுக்கோட்டில் இருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். குழாய்க்குப் பக்கத்தில் போனை நீட்டி, ஆப்பில் 95 வருகிறது என்று பார்ப்பதை இந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு. நம் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் வாகனச் சோதனைக்கென்றே அமைந்த மத்திய அரசு மையம்.

டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை. 74-ல் இருந்து 84-க்குப் போனால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. 94-க்குப் போனால் நூறு மடங்கு. ஒவ்வொரு பத்துக்கும் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் சுற்றுப்புறச் சத்தம் பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் ஒரே ஒரு டீகேட் கார் போனால், அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் குழந்தை விழித்து அழுகிறது என்பதற்கு மீட்டர் தேவையில்லை.

போர்டிகோவில் நடந்தது

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி காரின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருந்தான், டிக்கியில் ஸ்டெப்னியோடு வரும் கத்தரி ஜாக்கியால். போர்டிகோ தரை, மழைத் தண்ணீர் வழிய வேண்டும் என்று தெருப் பக்கம் சரிவு. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தான். பின் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் அது, அந்தச் சக்கரம்தான் அந்தரத்தில் இருக்கிறதே. முன் சக்கரத்துக்குக் கட்டை போடவில்லை. பாதுகாப்புக்கு என்று ஒரு ஹாலோ பிளாக் கல்லை அடியில் வைத்திருந்தான்.

அவன் உள்ளே நுழையக் குனிந்த நேரம் சித்தி காபி கொடுக்கக் கூப்பிட்டார். எழுந்து இரண்டு எட்டு வைத்திருப்பான். கார் தெருப் பக்கம் அரை அடி நகர்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, "டம்" என்று உட்கார்ந்தது. ஹாலோ பிளாக் பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தது. ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காபி ஆறிப் போனது.

கம்பெனி சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், அதே மாடலுக்கான, அதே தரமுள்ள புதுசை வாங்கி மாட்டுவது சட்டப்படி சரியான பழுதுபார்ப்பு. அதை வீட்டில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக, அன்று தம்பி செய்யாமல் விட்டதை எல்லாம் எழுதுகிறேன்.

தரை சமமாக இருக்க வேண்டும், கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மண் தரையில் ஜாக்கி இறங்கும், டைல்ஸில் வழுக்கும். கீழே நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கார் கியரில் இருக்கட்டும், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில். டிக்கியில் உள்ள ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. டிராலி ஜாக்கியால் தூக்கி, கார் கையேட்டில் காட்டிய இடங்களில் இரும்பு ஸ்டாண்டு இரண்டு நிறுத்தி, காரை அதன் மேல் இறக்கி, பக்கவாட்டில் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல், அடுக்கிய பலகை எதுவும் ஸ்டாண்டு ஆகாது. வீட்டில் இன்னொருவர் இருக்கிற நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

வண்டி ஓடி வந்தவுடன் தொடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரமாவது ஆறட்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராத போல்ட்டை முதலில் துளி இறுக்கி, பிறகு தளர்த்தினால் துரு உடைந்து வரும். டப்பாவைத் தாங்கும் ரப்பர் வளையங்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும், எண்ணெய் தடவினால் ரப்பர் கெடும். முன் போல்ட்டைக் கழற்றும்போது குழாயைக் கீழே இருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மொத்த எடையும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயரிலும் மிச்சமிருக்கும் குழாயிலும் தொங்கும். கண்ணாடி போடாமல் அடியில் படுக்காதீர்கள், துரு நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

மாட்டும்போது பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதுசு நூறு, இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம். எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் சேர்த்துவிட்டு, குழாய் எங்கேயும் தரைத்தளத்திலோ பெட்ரோல் குழாயிலோ பிரேக் ஹோஸிலோ இடிக்காமல் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முன்னால் இருந்து பின்னால் என்ற வரிசையில் இறுக்குங்கள். தகடு மாதிரி இருக்கும் வெப்பத் தடுப்பைத் தடையாக இருக்கிறது என்று பிய்த்துப் போடக் கூடாது. நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, ஆறிய வண்டியில் ஒரு தடவை போல்ட்டை மறுபடி பாருங்கள், சூட்டில் தளர்ந்திருக்கும். வெல்டிங் தேவைப்பட்டால் பட்டறைக்குப் போய்விடுங்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வீட்டில் வெல்டிங் வைக்கிற காரியம் வேண்டாம்.

இதில் எல்லாவற்றையும் விட ஒன்றுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. மாட்டியதும் போர்டிகோவிலேயே ஸ்டார்ட் பண்ணி, கேட்டைச் சாத்தி, சத்தத்தை ரெக்கார்டு பண்ணுவதுதான் தம்பியின் திட்டம். தெருவில் யாரும் திட்டக் கூடாதாம். பக்கத்து ஜன்னலுக்கு உள்ளே ஆயா. ஆறிய இன்ஜினில் கன்வெர்ட்டர் வேலை செய்யாது என்று முன்னால் சொன்னேன் இல்லையா? அந்த முதல் சில நிமிடத்தில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகமாக வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகூடத் தெரியாது. மூடிய இடத்தில் இன்ஜினை ஓட்டவே கூடாது. யாருக்காவது சந்தேகம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108-ஐ அழையுங்கள். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் ஓடும் காருக்குள்ளேயும் இது நுழையும். அதனால் திறந்தவெளியில், ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா பாருங்கள். "சிஸ்ஸ்" என்ற சத்தம் கேட்டாலும் கசிவுதான்.

போனில் பார்க்க வேண்டியவை

சைலன்சர் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் எப்போது வரை செல்லும் என்று தெரியும். புகைச் சான்றை மட்டும் பார்க்க பரிவாகன் தளத்தில் தனிப் பக்கம் உண்டு, வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் போதும். புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் சான்று வேண்டாம். அதற்குப் பிறகு பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிக்கு வருடத்துக்கு ஒரு முறை, அதற்கும் பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

பிஎஸ்-4, பிஎஸ்-6 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டி இதில் தேறுவது கஷ்டம். அப்போதுதான் "டெஸ்ட் பண்ணாமலே சான்று வாங்கித் தர்றேன்" என்று யாராவது வருவார்கள். வேண்டாம். இன்னொன்று, புகைச் சோதனையில் சத்தத்தை அளப்பதில்லை. "பியூசி இருக்கு சார்" என்று சத்தத்துக்குப் போட்ட அபராதத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

ஆர்சியில் உள்ள மொபைல் எண் இப்போது நீங்கள் வைத்திருப்பதுதானா? சித்தப்பாவுடையது ஐந்து வருடம் முன்னால் போட்ட சிம், இப்போது இல்லை. வண்டிக்கு இ-சலான் வந்தால் குறுஞ்செய்தி அந்தச் செத்த எண்ணுக்குத்தான் போகும். பரிவாகன் தளத்திலேயே எண்ணை மாற்றலாம். சலான் நிலுவை இருக்கிறதா என்று அதே தளத்தின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண் அல்லது லைசென்ஸ் எண் கொடுத்துப் பார்க்கலாம், அங்கேயே கட்டலாம். போட்ட சலான் தவறு என்று நினைத்தால், புகார் கொடுக்கவும் அங்கே வழி உண்டு.

வாட்ஸ்ஆப்பில் "உங்கள் வண்டிக்கு அபராதம், இந்த ஃபைலைத் திறந்து பார்க்கவும்" என்று ஏபிகே ஃபைல் வந்தால் தொடவே தொடாதீர்கள். அது சலான் இல்லை, உங்கள் போனுக்குள் நுழைந்து ஓடிபியைத் திருடும் செயலி. அரசுத் தளங்களின் முகவரி கவ் டாட் இன் என்று முடியும். அரசு, ஆப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி. வண்டியில் செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் இருந்து, பிறகு தீப்பிடித்தோ விபத்தாகியோ கிளெய்ம் போனால், அந்த மாற்றத்தையே காரணம் காட்டி மறுக்க இடம் கிடைக்கும். வாரண்டியிலும் அதே கதை, முக்கியமாக டர்போவும் சென்சாரும் போகும்போது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் சாவியை ஆன் செய்து டேஷ்போர்டைப் பாருங்கள். இன்ஜின் விளக்கு முதலில் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால், அந்த விளக்கை யாரோ வேண்டுமென்றே ஊமையாக்கியிருக்கிறார்கள், பெரும்பாலும் கன்வெர்ட்டர் இல்லாததை மறைக்க. அடியில் எட்டிப் பார்த்து, மற்ற குழாய்கள் பழுப்பாக இருக்க ஒரு துண்டு மட்டும் பளபளக்கிறதா, புது வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால், பழைய கம்பெனி சைலன்சரைக் கையோடு கேட்டு வாங்குங்கள். இல்லை என்று சொன்னால், புதுசு வாங்கும் செலவை விலையில் கழியுங்கள். வாங்கிய பிறகு சலான் வந்தால் பழைய ஓனரைக் காட்ட முடியாது.

ராத்திரியில் உங்கள் தெருவில் இப்படி ஒரு வண்டி தினமும் ஓடினால், வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து 100 அல்லது 112-க்குச் சொல்லலாம். நீங்களே நிறுத்திச் சண்டை போட வேண்டாம்.

தம்பியிடம் வருகிறேன். ஜாக்கி சாய்ந்ததில் பம்பர் ஓரத்தில் ஒரு கீறல், டிக்கி ஜாக்கி வளைந்துவிட்டது, வேறு ஒன்றும் ஆகவில்லை. சைலன்சரைத் திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் முழுப் பணமும் வருமா என்று கடைக்காரரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். சித்தப்பா மொபைல் எண்ணை மாற்றிவிட்டார். மாற்றியதும் பார்த்தால், போன வருடம் நோ பார்க்கிங்கில் போட்ட ஒரு சலான் கட்டாமல் கிடந்தது. அது தம்பி ஓட்டிய நாள்தான்.